மூளை ஆராய்ச்சிக்கு ஊர்கூடி நிதி திரட்டுவது எப்படி?

பெரும்பாலான குழுக்கள் முதல் கூட்டத்திலேயே நடையா, ஓட்டமா, இசை நிகழ்ச்சியா என்று பேசத் தொடங்கிவிடும். டி-ஷர்ட்டின் நிறம்கூட முடிவாகியிருக்கும். பணம் யாருக்கு, எதற்கு என்ற கேள்வி மட்டும் கடைசி வாரம் வரை தள்ளிக்கொண்டே போகும். இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். பணம் போய்ச் சேரும் இடம் உறுதியான பிறகுதான் இலக்கு, இலக்குக்குப் பிறகுதான் நிகழ்ச்சி. காசு கொடுப்பவர் முதலில் கேட்பது "எங்கே போகிறது?" என்பதைத்தான். அதற்கு ஒரே வரியில் பதில் இல்லாத குழுவுக்கு இரண்டாம் முறை யாரும் கொடுப்பதில்லை.

எதற்காகத் திரட்டுகிறீர்கள்?

"மூளை ஆராய்ச்சி" என்பது மிகப் பரந்த சொல். அல்சைமர், பார்க்கின்சன், வலிப்பு, பக்கவாதம், மூளைக் கட்டி, ஆட்டிசம், தலைக்காயம் எல்லாமே அதற்குள் அடக்கம். எந்த நோயையும் குறிவைக்காமல், மூளை எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கும் அடிப்படை ஆய்வும் அதில் சேரும். உங்கள் குழுவில் உள்ளவர்களின் குடும்பங்களைத் தொட்ட ஒரு நோயைத் தேர்ந்தெடுப்பது நல்லது. அந்த வீடுகளிலிருந்துதான் அணித் தலைவர்கள் கிடைப்பார்கள்.

அடுத்து, உங்கள் அளவுக்குப் பொருந்தும் வேலையைத் தேடுங்கள். ஒரு சமூகக் குழு திரட்டும் பணத்தில் புதிய மருந்து உருவாகாது. ஆனால் ஆய்வு மாணவர் ஒருவரின் சில மாத உதவித்தொகை, ஆராய்ச்சிக்கான எம்ஆர்ஐ ஸ்கேன் நேரம், தானமாக வந்த மூளைத் திசுவை மைனஸ் 80 டிகிரியில் காக்கும் உறைபெட்டியின் பராமரிப்பு, பெரிய மானியத்துக்கு விண்ணப்பிக்கும் முன் தேவைப்படும் முன்னோட்ட ஆய்வு ஆகியவற்றில் சிறு தொகைக்கும் வேலை உண்டு. முன்னோட்டத் தரவு இல்லாமல் பெரிய மானியம் கிடைப்பது கடினம், மானியம் இல்லாமல் அந்தத் தரவைத் திரட்டுவதும் கடினம். அந்த இடைவெளியில் போய் விழும் சிறு தொகைக்கு மதிப்பு அதிகம்.

பெறுபவர் பதிவு பெற்ற அறக்கட்டளையாகவோ பல்கலைக்கழகமாகவோ ஆய்வு நிறுவனமாகவோ இருக்கட்டும். தனி ஆய்வாளரின் சொந்தக் கணக்குக்கு ஒருபோதும் பணம் போகக் கூடாது, அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி. இன்னொரு எச்சரிக்கை: "ஆராய்ச்சி" என்ற பெயரில் நோயாளிகளிடமே பெரும் கட்டணம் வாங்கி ஸ்டெம் செல் ஊசி போடும் மருத்துவமனைகள் பல நாடுகளில் உள்ளன. நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் எண்ணைக் காட்டத் தயங்கினால், பங்கேற்க நோயாளியே பெருந்தொகை கட்ட வேண்டும் என்றால், "நூறு சதவீதம் குணம்" என்ற வாசகம் சுவரில் இருந்தால், அங்கிருந்து கிளம்பிவிடுங்கள்.

பெறும் நிறுவனத்திடம் கீழே உள்ளவற்றை எழுத்தில் வாங்குங்கள். ஒரு பக்கக் கடிதம் போதும்.

- பணம் எந்தத் திட்டத்துக்கு, எந்தக் காலத்துக்குள் செலவாகும்
- நிர்வாகக் கட்டணமாக நிறுவனம் எத்தனை சதவீதம் பிடித்துக்கொள்ளும்
- அந்தத் திட்டம் நின்றுபோனால் மீதி எதற்குப் போகும்
- நிறுவனத்தின் பெயரையும் சின்னத்தையும் நீங்கள் எங்கெங்கே பயன்படுத்தலாம்
- வரிவிலக்கு ரசீது யார் பெயரில், எத்தனை நாளில் வரும்
- ஓர் ஆண்டு கழித்து எளிய நடையில் அரைப் பக்க அறிக்கை தருவார்களா

மூன்றாவது வரியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஆய்வாளர் வேறு நிறுவனத்துக்கு மாறுவதும், திட்டம் பாதியில் நிற்பதும் அரிதல்ல. அப்போது "வேறு எதற்கும் செலவழிக்கக் கூடாது" என்ற நிபந்தனை மட்டும் இருந்தால் பணம் ஆண்டுக்கணக்கில் முடங்கிக் கிடக்கும். "அதே நோய் குறித்த வேறு ஆய்வுக்குப் பயன்படுத்தலாம்" என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் சிக்கல் தீர்ந்தது. சின்னத்தை அனுமதியின்றி சுவரொட்டியில் போடுவதும் வழக்கமான தவறு. நிறுவனம் ஆட்சேபித்தால் அச்சடித்தது முழுக்க வீண்.

பொது இடத்தில் நன்கொடை திரட்டவும், குலுக்கல் சீட்டு விற்கவும், வெளிநாட்டிலிருந்து பணம் பெறவும் பல நாடுகளில் தனித்தனி அனுமதி வேண்டும். நிதி ஆலோசகர் ஒருவரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள். குலுக்கலைத் தவிர்த்தால் பாதித் தலைவலி குறையும்.

இலக்கை 100 பங்காக வைத்துக் கணக்குப் போடுங்கள்

"ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்தால் சேர்ந்துவிடும்" என்பது காகிதத்தில் மட்டும் நடக்கும் கணக்கு. உண்மையில் பணத்தின் பெரும்பகுதி சிலரிடமிருந்துதான் வரும். மொத்த இலக்கை 100 பங்கு என்று வைத்தால் இப்படித் திட்டமிடலாம்: 15 பங்கு தருபவர் ஒருவர், 8 பங்கு தருபவர் 2 பேர், 4 பங்கு தருபவர் 5 பேர், 1 பங்கு தருபவர் 15 பேர். 23 பேரிடமிருந்து 66 பங்கு வந்துவிடும். மீதி 34 பங்குதான் நடப்பவர்கள், அவர்களின் நண்பர்கள், உண்டியல் எல்லாம் சேர்ந்து கொண்டுவர வேண்டியது. மேல் வரிசையில் ஒருவர் "சரி" சொல்ல மூன்று நான்கு பேரையாவது கேட்க வேண்டியிருக்கும். ஆகவே அந்த 23 பேருக்கு 80 பேர் கொண்ட பட்டியல் வேண்டும். பட்டியலில் 30 பெயர்தான் தேறுகிறது என்றால் இலக்கைக் குறையுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பொது அறிவிப்புக்கு முன்பே 30 முதல் 40 பங்கு கையில் இருக்கட்டும். காலியாகத் தொடங்கும் நன்கொடைப் பக்கத்தில் முதல் ஆளாகப் போட யாருக்கும் கை வராது.

செலவு, திரட்டுவதில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அதில் பாதியையாவது பொருளாகவோ சேவையாகவோ பெறுங்கள். அச்சு, ஒலிபெருக்கி, தண்ணீர், கூடாரம் ஆகியவற்றைப் பணமாகத் தருவதைவிடப் பொருளாகத் தர ஸ்பான்சர்கள் எளிதில் சம்மதிப்பார்கள். இணையக் கட்டணச் சேவை ஒவ்வொரு நன்கொடையிலும் பிடிக்கும் கழிவையும் செலவிலேயே எழுதுங்கள். அதை மறந்துவிட்டுப் பிறகு "கொஞ்சம் குறைகிறதே" என்று குழம்பும் பொருளாளர்கள் ஏராளம்.

செலவில் பெரிய பள்ளம் டி-ஷர்ட். அளவு தெரியாமல் முன்கூட்டியே 300 தைத்தால் பெரிய அளவு தீர்ந்துவிடும், சிறிய அளவு மூட்டையாக மிஞ்சும். பதிவுப் படிவத்திலேயே அளவைக் கேளுங்கள். பதிவு முடிந்த பிறகே ஆர்டர் கொடுங்கள். குறிப்பிட்ட தொகை திரட்டியவருக்கு மட்டும் கொடுப்பது இன்னும் நல்லது. விருந்தோடு கூடிய மாலை நிகழ்ச்சி பார்க்கப் பகட்டாக இருக்கும், ஆனால் மண்டபமும் சாப்பாடும் வசூலில் பாதியை விழுங்கிவிடும். முதல் முறை நடத்தும் குழுவுக்கு அணி அணியாக நடக்கும் நடைப்பயணமே பொருத்தம். செலவு குறைவு, நோயாளிகளும் கலந்துகொள்ளலாம், ஒவ்வொரு அணியும் தனக்குத் தெரிந்தவர்களிடம் கேட்கும்.

எந்த நாள்?

உலக மூளை நாள் ஜூலை 22. பார்க்கின்சன் நாள் ஏப்ரல் 11, அல்சைமர் நாள் செப்டம்பர் 21, மூளைக் கட்டி நாள் ஜூன் 8, வலிப்பு விழிப்புணர்வுக்கான ஊதா நாள் மார்ச் 26. இந்த நாட்களை ஒட்டி நடத்தினால் செய்தித்தாளில் இடம் கிடைப்பது எளிது. ஆனால் அன்றைக்கே நடத்தாதீர்கள். நீங்கள் அழைக்க நினைக்கும் நரம்பியல் மருத்துவரும் ஆய்வாளரும் அன்று வேறு மேடையில் இருப்பார்கள். அதற்கு அடுத்த வார இறுதி சரியாக இருக்கும்.

16 வாரம் முன்பாகத் தொடங்குங்கள். முதல் 4 வாரத்தில் பெறுபவரின் கடிதம், வங்கிக் கணக்கு, பாதைக்கான அனுமதி. அடுத்த 4 வாரம் பெரிய நன்கொடையாளர்களை நேரில் பார்க்க. 8 வாரம் இருக்கையில் பொது அறிவிப்பு, அணிப் பதிவு. கடைசி 2 வாரத்தில் புதிய யோசனை எதையும் ஏற்காதீர்கள். "ஒரு புகைப்படக் கண்காட்சியும் வைத்தால் என்ன?" என்ற கேள்வி அப்போதுதான் வரும்.

கேட்கும் விதம்

பத்துப் பேர் கொண்ட 20 அணிகள் இருந்தால் போதும். அணித் தலைவர் முதலில் தன் பணத்தைப் போட வேண்டும், பிறகுதான் பிறரைக் கேட்க வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் பொதுவாகப் போடும் செய்திக்குக் கட்டைவிரல் குறி வரும், காசு வராது. தனித்தனியாக, பெயர் சொல்லி, தொகை சொல்லிக் கேளுங்கள்:

"அக்கா, வர்ற ஞாயிறு மறதிநோய் ஆராய்ச்சிக்காக 3 கி.மீ. நடக்கிறேன். என் பங்கைப் போட்டுட்டேன். நீங்க அதுல பாதி தர முடியுமா? வெள்ளிக்குள்ள சொன்னாப் போதும். முடியலைன்னாலும் பரவாயில்லை, கூட நடக்க வாங்க."

தொகை, கடைசி நாள், மறுக்க ஒரு வழி என்று மூன்றும் இதில் இருக்கின்றன. கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று உறுதிமொழி வாங்கும் முறை வேண்டாம். நடை முடிந்த பின் வசூலிக்க அலைவது தனி வேலையாகிவிடும், பலரிடம் வரவும் வராது. முழுத் தொகையை முன்பே வாங்கிவிடுங்கள். "நீங்கள் திரட்டும் அளவுக்கு நானும் தருகிறேன்" என்று ஒரு நிறுவனம் சொன்னால் தாராளமாக விளம்பரப்படுத்தலாம். நீங்கள் திரட்டினாலும் திரட்டாவிட்டாலும் அவர்கள் தரப்போகும் பணத்தை அப்படிச் சொல்வது மட்டும் பொய்.

உள்ளடக்கத்தில் இரண்டு விஷயங்களில் கவனம் தேவை. முதலாவது, குணமாக்குவோம் என்று வாக்களிக்காதீர்கள். அல்சைமர் நோயாளிகளின் மூளையில் படியும் அமிலாய்டு புரதத்தைப் பிரித்து அடையாளம் கண்டது 1984-இல். அதைக் குறிவைக்கும் லெக்கனமாப் மருந்துக்கு அமெரிக்காவில் முழு ஒப்புதல் கிடைத்தது 2023-இல். ஏறக்குறைய 40 ஆண்டுகள். அந்த மருந்தும் தொடக்க நிலையில் சீரழிவின் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கிறது, அவ்வளவுதான். இதை மறைக்காமல் சொல்லுங்கள். காலம் பிடிக்கும் வேலை என்பதே பணம் தேவைப்படுவதற்கான காரணம்.

நம்பிக்கை தரும் சான்றும் உண்டு. தலையில் பனிநீரைக் கொட்டிக்கொள்ளும் ஐஸ் பக்கெட் சவால் 2014 கோடையில் பரவியபோது, தசைகளை இயக்கும் நரம்பணுக்களைச் சிதைக்கும் ஏஎல்எஸ் நோய்க்கான அமெரிக்கச் சங்கத்துக்கு 11.5 கோடி டாலர் சேர்ந்தது. அதில் ஒரு பகுதியைப் பெற்ற பன்னாட்டு மரபணுத் திட்டத்தின் வழியே, 2016-இல் என்இகே1 என்ற மரபணுவுக்கும் அந்த நோய்க்கும் உள்ள தொடர்பு வெளியானது. பொதுமக்கள் பணம் ஆய்வுக்கூடத்தில் எதையாவது நகர்த்துமா என்று கேட்பவரிடம் இதைச் சொல்லலாம். ஆனால் அதேபோல் பரவும் என்று நம்பித் திட்டம் போடாதீர்கள்.

இரண்டாவது, சுவரொட்டியில் "மூளையில் 10 சதவீதத்தைத்தான் பயன்படுத்துகிறோம்" என்று போடாதீர்கள். அது கட்டுக்கதை. வரும் மருத்துவர் முதலில் அதைத்தான் கவனிப்பார். எண் வேண்டுமென்றால் உண்மையான எண்களே வியக்க வைக்கும்: மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. உடல் எடையில் அது 2 சதவீதம்தான், ஓய்வாக இருக்கும்போதுகூட உடலின் ஆற்றலில் சுமார் 20 சதவீதத்தை அதுவே செலவழிக்கிறது.

நோயாளியின் படம் போடுவதாக இருந்தால் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். மறதிநோய் உள்ளவர் என்றால் அவரிடமும் கேட்க வேண்டும், குடும்பத்தாரிடமும் கேட்க வேண்டும். பின்னர் வேண்டாம் என்றால் எடுத்துவிடுவோம் என்றும் சொல்லுங்கள். இரக்கத்தைத் தூண்ட ஒருவரை மேடையேற்றி அழவைப்பது அன்றைக்குக் கொஞ்சம் காசு தரும், அடுத்த முறை அந்தக் குடும்பம் வராது.

காசைக் கையாளும் முறை

குழுவின் பெயரில் தனிக் கணக்கு தொடங்குங்கள். பணம் எடுக்க இருவர் கையெழுத்து வேண்டும், அந்த இருவரும் ஒரே வீட்டைச் சேர்ந்தவர்களாக இருக்கக் கூடாது. இன்னும் எளிய வழி, நன்கொடை எல்லாம் நேராகப் பெறுபவரின் கணக்குக்கே போகும்படி செய்துவிட்டு, நிகழ்ச்சிச் செலவை மட்டும் ஸ்பான்சர் பணத்தில் பார்ப்பது. "நீங்கள் தருவது முழுவதும் ஆராய்ச்சிக்கே" என்று அப்போது தயங்காமல் சொல்லலாம். கட்டணச் சேவையின் கழிவையும், பெறும் நிறுவனம் பிடிக்கும் நிர்வாகக் கட்டணம் இருந்தால் அதையும் ஸ்பான்சர் பணத்தில் ஈடுகட்டினால்தான் அந்த வாக்கியம் முழு உண்மையாகும்.

உண்டியல்களுக்கு எண் போட்டு, திறக்கும் மூடியில் ஒட்டும் காகிதத்தின் மேல் கையெழுத்திடுங்கள். எண்ணும்போது எப்போதும் இருவர் இருக்க வேண்டும். ஒருவர் எண்ணி மற்றவர் எழுதி, பிறகு மாற்றி எண்ண வேண்டும். உண்டியல் எண், தாள் வாரியாகத் தொகை, நேரம், இரு கையெழுத்து என்று ஒவ்வொரு உண்டியலுக்கும் தனிச் சீட்டு. எண்ணிய பணத்திலிருந்து அவசரச் செலவுக்கு எடுத்துவிட்டு மீதியை வங்கியில் கட்டுவது கணக்கைக் குழப்பும் முதல் வழி. வந்தது முழுவதும் வங்கிக்குப் போகட்டும், செலவுக்குத் தனிக் கையிருப்பு வையுங்கள்.

கியூஆர் கோடுக்கும் காவல் வேண்டும். அச்சடித்த பலகையின் மேல் வேறொருவர் தன் கோடை ஒட்டிவிட்டுப் போகும் மோசடி பல ஊர்களில் நடக்கிறது. கோடுக்குக் கீழே கணக்கின் பெயரைப் பெரிதாக அச்சிட்டு, "இந்தப் பெயர் வந்தால் மட்டும் அனுப்பவும்" என்று எழுதுங்கள். தன்னார்வலர் ஒருவர் மணிக்கு ஒருமுறை எல்லாப் பலகைகளையும் ஸ்கேன் செய்து பார்க்கட்டும், விரலால் தடவியும் பார்க்கட்டும். ஒட்டியது விளிம்பில் தட்டுப்படும்.

நடை நாள்: 300 பேருக்கான கணக்கு

பாதை இரண்டு வேண்டும்: ஒன்று 3 அல்லது 5 கி.மீ., இன்னொன்று சக்கர நாற்காலி போகக்கூடிய, மேடுபள்ளமில்லாத 500 மீட்டர் சுற்று. இரண்டும் ஒரே இடத்தில் முடியட்டும்.

தன்னார்வலர்கள் 31 பேர்: பதிவில் 6, பணத்தில் 4, பாதைத் திருப்பங்களில் 10, தண்ணீரில் 4, அமைதி அறையில் 2, முதலுதவியில் 2, எங்கும் ஓட 3. பதிவு மேசையில் ஒருவருக்கு ஒரு நிமிடம் பிடித்தால் 6 மேசைக்கும் 50 நிமிடம் ஆகும், வரிசை சாலைக்கு வந்துவிடும். முன்பதிவு செய்தவர்களின் பட்டியலை அகர வரிசையில் அச்சடித்து, எண் அட்டையை மட்டும் எடுத்துக் கொடுத்தால் 20 வினாடிதான், 17 நிமிடத்தில் முடியும். தண்ணீர் நிலையம் இரண்டு, ஒவ்வொன்றிலும் ஆளுக்கு 200 மி.லி. குவளை இரண்டு என்றால் 240 லிட்டர். வெயில் நாளில் இன்னும் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக வையுங்கள்.

மற்ற நடைப்பயணங்களுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு, இங்கே வருபவர்களில் பலர் நோயோடு வாழ்பவர்கள் என்பதுதான். நடத்துபவர்கள் கோட்டைவிடுவதும் இங்கேதான்.

பார்க்கின்சன் உள்ளவர்களுக்கு மாத்திரையின் வீரியம் இருக்கும்வரைதான் நடை சீராக இருக்கும். எட்டு மணி என்று அறிவித்து ஒன்பதரைக்குத் தொடங்கினால், அவர்கள் கணக்கிட்டுப் போட்ட மாத்திரை காத்திருப்பிலேயே தீர்ந்துவிடும். விருந்தினர் வராவிட்டாலும் சொன்ன நேரத்துக்குக் கொடியசையுங்கள். குறுகிய நுழைவாயிலில் அவர்களில் சிலருக்குக் கால் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல நின்றுவிடும். நுழைவாயிலை அகலமாக வைத்து, தரையில் ஓர் எட்டு தூர இடைவெளியில் குறுக்காக வண்ண டேப் ஒட்டினால், அந்தக் கோடுகளைத் தாண்டுவதாக நினைத்துக் கால் எடுத்து வைக்கப் பலரால் முடியும். நாற்காலிகளுக்குக் கைப்பிடி இருக்கட்டும். எழ அதுதான் உதவும்.

மறதிநோய் உள்ள சிலருக்கு வாசலில் கிடக்கும் கறுப்பு மிதியடி பள்ளமாகத் தெரியும், தாண்ட மறுப்பார்கள். அதை எடுத்துவிடுங்கள். கழிப்பறைக்கு எழுத்தோடு படமும் போடுங்கள். எண் அட்டையின் பின்பக்கம் துணைக்கு வந்தவரின் தொலைபேசி எண்ணை எழுதச் சொல்லுங்கள். கூட்டத்தில் ஒருவர் விலகிப் போய்விட்டால் அதுதான் கைகொடுக்கும். ஒலிபெருக்கியிலிருந்து தள்ளி, விளக்கு மங்கலான ஓர் அறையை ஓய்வுக்கான அமைதி அறையாக ஒதுக்குங்கள். தலைக்காயம் பட்டவர்களும் ஒற்றைத் தலைவலி உள்ளவர்களும் அதைத் தேடி வருவார்கள்.

மினுக்கும் விளக்கு வேண்டவே வேண்டாம். வலிப்பு உள்ளவர்களில் சுமார் 3 சதவீதத்தினருக்கு வெளிச்ச மினுக்கலே வலிப்பைத் தூண்டக்கூடும். வினாடிக்கு 3 முதல் 30 முறை மினுக்குவது அதிக ஆபத்து. மேடைக்காரரிடமும் வீடியோ எடுப்பவரிடமும் முன்பே சொல்லிவிடுங்கள்.

யாருக்காவது வலிப்பு வந்தால் செய்ய வேண்டியதை எல்லாத் தன்னார்வலர்களுக்கும் சொல்லிக்கொடுங்கள். முதலில் நேரத்தைப் பாருங்கள். சுற்றியுள்ள பொருட்களை விலக்கி, தலைக்கடியில் மென்மையாக ஏதாவது வையுங்கள். பிடித்து அழுத்தாதீர்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள். துடிப்பு அடங்கியதும் பக்கவாட்டில் படுக்கவையுங்கள். 5 நிமிடத்தைத் தாண்டினாலோ, அடுத்தடுத்து வந்தாலோ, மூச்சு சீராகாவிட்டாலோ, அடிபட்டிருந்தாலோ, அவருக்கு அதுவே முதல் வலிப்பு என்றாலோ ஆம்புலன்சை அழையுங்கள். சுற்றி நின்று படமெடுப்பவர்களை விலக்க ஒருவரைத் தனியாக நிறுத்துங்கள்.

ஆய்வாளரின் பேச்சு 7 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். அது நடைக்கு முன்பே நடக்கட்டும், முடிந்தபின் கூட்டம் நிற்காது.

முடிந்த பிறகு

48 மணி நேரத்துக்குள் நன்றிச் செய்தி போக வேண்டும். அதில் மறுபடியும் காசு கேட்காதீர்கள். இரண்டு வாரத்துக்குள் வரவு, செலவு, பெறுபவருக்கு அனுப்பிய தொகை, அவர்கள் தந்த ரசீதின் படம் ஆகியவற்றை ஒரே பக்கத்தில் எல்லோருக்கும் அனுப்புங்கள். இலக்கை எட்டாவிட்டாலும் அதே நாளில் அனுப்புங்கள். தாமதமானால் ஊர் தன் கணக்கைத் தானே போட்டுக்கொள்ளும்.

ஓர் ஆண்டில் ஆய்வகத்தின் அரைப் பக்க அறிக்கை வந்ததும், கொடுத்த ஒவ்வொருவருக்கும் அதைச் சேர்ப்பியுங்கள். எதிர்பார்த்த முடிவு வரவில்லை என்று அதில் இருந்தாலும் திருத்தாமல் அப்படியே போகட்டும். அடுத்த ஆண்டு நடத்தும் எண்ணம் இல்லையென்றால் கணக்கில் மிஞ்சியதைப் பெறுபவருக்கே அனுப்பி, கணக்கை மூடி, கியூஆர் கோடை முடக்கி, சுவரில் மிஞ்சியிருக்கும் பலகைகளையும் கழற்றிவிடுங்கள்.